பழைய செவ்ரோலெட் பிக்கப்பின் முன் அச்சைத் தாழ்த்துவதும் ஸ்டீரிங்கை மாற்றுவதும்

குடியாத்தத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். பேரணாம்பட்டிலிருந்து ராணிப்பேட்டைக்குத் தோல் ஏற்றிச் சென்றுவந்த அவருடைய தாத்தாவின் 1951ஆம் ஆண்டு செவ்ரோலெட் 3100 பிக்கப் இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது. அதை ஹாட் ராட் (பழைய வண்டியைத் தாழ்த்தி மாற்றியமைக்கும் அமெரிக்கப் பாணி) வண்டிகளைப் போல முன்பக்கம் நான்கு அங்குலம் தாழ்த்த வேண்டும் என்றும், திருப்புவதற்குக் கனமாக இருக்கும் ஸ்டீரிங்கை எடுத்துவிட்டுப் பழைய டாடா சுமோவின் பவர் ஸ்டீரிங் பெட்டியைப் பொருத்த வேண்டும் என்றும் விரும்புகிறார். எதை முதலில் செய்வது, அச்சை வெட்டி ஒட்டிக்கொள்ளலாமா, வேலூர்ப் பட்டறைகளில் இந்த வேலை முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அச்சை வெட்டி ஒட்டக் கூடாது. மற்ற வேலைகளில் பெரும்பாலானவற்றை வேலூரிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் வேலையைத் தொடங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: வண்டியின் பாரம் தாங்கும் கமான் பட்டை, முன் சக்கரங்கள் இருக்கும் அச்சு, சக்கரத்தைத் திருப்பும் டிராக் லிங்க் தண்டு, அதை நகர்த்த ஸ்டீரிங் பெட்டியிலிருந்து நீட்டியிருக்கும் டிராப் ஆர்ம் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரே இயந்திரம். தாழ்த்துவது பட்டைக்காரர் வேலை, ஸ்டீரிங் மெக்கானிக் வேலை என்று பிரித்துக் கொடுத்தால், இரண்டும் தனித்தனியே சுத்தமாக முடிந்திருந்தும் வண்டி நேராக ஓடாது.

காரணத்தை எண்களில் பார்த்தால் தெளிவாகும். உங்கள் வண்டியில் டிராக் லிங்க் சேஸிஸின் ஓரமாக முன்னும் பின்னுமாகக் கிடக்கிறது. பின்முனை ஸ்டீரிங் பெட்டியின் டிராப் ஆர்மிலும், முன்முனை சக்கரத்தின் ஸ்டப் ஆக்சிலில் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் குட்டை அச்சு) உள்ள கையிலும் மாட்டியிருக்கிறது. அதன் நீளம் 600 மி.மீ. என்றும், வண்டி நிற்கும்போது அது கிடைமட்டமாக இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சக்கரம் 50 மி.மீ. மேலே ஏறினால், முன்பின்னாக அதன் நீளம் ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே குறைகிறது. இப்போது சேஸிஸை 100 மி.மீ. தாழ்த்துகிறீர்கள். பெட்டி கீழே வந்துவிட்டது, சக்கரத்தின் கை பழைய உயரத்திலேயே நிற்கிறது, லிங்க் கிட்டத்தட்ட பத்துப் பாகை சாய்ந்துவிட்டது. இந்த நிலையில் அதே 50 மி.மீ. ஏற்றத்துக்கு நீளம் 10 மி.மீ.க்கும் சற்று அதிகமாகக் குறைகிறது. ஸ்டப் ஆக்சிலின் கை 150 மி.மீ. நீளமாக இருந்தால், நீங்கள் ஸ்டீரிங்கை அசைக்காமலேயே சக்கரம் நான்கு பாகை திரும்பிவிடும் என்று பொருள். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி ஒரு பக்கம் பாய்வது இதனால்தான். அலைன்மென்ட் கடைக்கு எத்தனை முறை போனாலும் இது தீராது, ஏனென்றால் நிற்கும் வண்டியில் எல்லா அளவுகளும் சரியாகவே இருக்கும்.

இதோடு பட்டையின் இயக்கத்தையும் பார்க்க வேண்டும். கமான் பட்டையின் ஒரு முனை சேஸிஸில் நிலையாகப் பூட்டப்பட்டிருக்கும், மறுமுனை ஷாக்கிள் என்ற ஊஞ்சல் போன்ற இணைப்பில் ஆடும். அச்சு ஏறி இறங்கும்போது நிலையான முனையை மையமாகக் கொண்டே வளைவில் நகர்கிறது. நிலையான முனை முன்பக்கமும் ஸ்டீரிங் பெட்டி பின்பக்கமும் இருந்தால், அச்சின் வளைவும் டிராக் லிங்கின் வளைவும் எதிரெதிராகப் போய்ப் பிழையைப் பெருக்கும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் பெரும்பகுதி ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். பழைய மகிந்திரா ஜீப்பின் முன்பட்டையில் ஷாக்கிள் முன்பக்கம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வண்டியில் எந்தப் பக்கம் என்பதைக் கீழே படுத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, தாழ்த்தும் வழிகள். முதன்மைப் பட்டையின் முனையில் சுருண்டிருக்கும் கண்ணை மேலிருந்து கீழாகத் திருப்பிச் சுருட்டுவது முதல் வழி. கண்ணின் வெளிவிட்டம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு, அதாவது ஒன்றரை அங்குலம் அளவுக்கு வண்டி இறங்கும். கண்ணைச் சுருட்டப் பட்டையைச் சூடாக்கியாக வேண்டும் என்பதால், பிறகு அதை முறையாகக் கடினப்படுத்தி டெம்பர் செய்யும் பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். கரிப்பட்டறையில் பழுக்கவைத்துத் தண்ணீரில் முக்கி எடுத்த பட்டை சீக்கிரம் முறிந்துபோகும். மற்றப் பட்டைகளின் வளைவைக் குளிர்நிலையிலேயே அடித்துக் குறைக்கலாம். பெங்களூர் சாலையில் ஓடும் லாரிகளுக்காக வேலூரில் நாள்தோறும் கமான் கட்டும் கைகள் இருக்கின்றன, இதில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. பட்டைகளை உருவிவிட்டுத் தாழ்த்துவதை மட்டும் நான் ஏற்பதில்லை. பட்டை மெலிந்தால் பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளும், அந்த நொடியில் கீழே விளக்கும் காஸ்டர் கோணமும் மாறிவிடும்.

அச்சைப் பட்டைக்கு மேலே ஏற்றிக் கட்டுவது இரண்டாவது வழி. அப்படிச் செய்தால் வண்டி நான்கைந்து அங்குலத்துக்கும் மேலே இறங்கிவிடும், டை ராட் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) என்ஜின் சம்பில் (அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) இடிக்கும், அச்சு சேஸிஸில் மோத இடைவெளி இருக்காது. நம் ஊர்ச் சாலைகளில் ஓட வேண்டிய வண்டிக்கு இது வேண்டாம்.

மூன்றாவது, நடுப்பகுதி கீழாகவும் முனைகள் மேலாகவும் வளைந்த தாழ்வு அச்சைப் போடுவது. ஹாட் ராட் வண்டிகளின் முகத்தோற்றமே இதிலிருந்துதான் வந்தது. கலிஃபோர்னியாவில் தொடக்க காலத்தில் பழைய அச்சுகளையே சூடாக்கி, இழுத்து, வளைத்துத் தாழ்த்தினார்கள். இன்று இதற்கென்றே செய்த அச்சுகள் அங்கே விற்கப்படுகின்றன. வாங்க முடிந்தால் அதுவே சிறந்தது. உங்கள் பழைய அச்சு சூடாக்கிச் சுத்தியலடித்து உருவாக்கிய எஃகு. அதை நடுவே வெட்டி வெல்டிங் செய்தால், வெல்டின் ஓரத்தில் வெப்பம் பட்ட இடம் உடையும் தன்மை கொண்டதாகிவிடும். முன் அச்சு முறிந்தால் வண்டியைக் கட்டுப்படுத்த வழியில்லை. யாராவது பழைய அச்சைச் சூடாக்கி வளைத்துத் தருவதாகச் சொன்னால், வளைத்த பிறகு சீரான வெப்பப் பதப்படுத்தலும் விரிசலைக் காட்டும் காந்தத்துகள் சோதனையும் கட்டாயம் வேண்டும். ராணிப்பேட்டையில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலையும், அதைச் சுற்றி வளர்ந்த வெல்டிங் தொழிலும் இருப்பதால், வெல்டுகளில் விரிசல் பார்க்கும் ஆட்களைத் தேடி நீங்கள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. தாழ்த்தாமல் பழைய அச்சையே வைத்துக்கொண்டாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், அதற்கு எழுபது வயது கடந்துவிட்டது.

என்னைக் கேட்டால், முதலில் கண்ணைத் திருப்பிச் சுருட்டி, வளைவைக் குறைத்து, இரண்டு அங்குலம் இறக்கி ஓட்டிப் பாருங்கள். அந்த உடலமைப்புக்கு இரண்டு அங்குலமே நல்ல அமர்வைத் தரும். அதிலும் மனம் நிறையாவிட்டால் தாழ்வு அச்சுக்குப் போகலாம். எவ்வளவு தாழ்த்தினாலும் ஓர் எல்லையை மீறாதீர்கள்: டயர் காற்றிறங்கி வண்டி ரிம்மில் உட்கார்ந்தாலும், அச்சோ டை ராடோ பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டோ தரையைத் தொடக் கூடாது.

அடுத்தது காஸ்டர். சக்கரம் எந்த முளையைச் சுற்றி இடவலமாகத் திரும்புகிறதோ அந்தக் கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் அது. சைக்கிளின் முன் போர்க் சாய்ந்திருப்பது கையை விட்டாலும் அது நேராக ஓட உதவுகிறது, இங்கும் அதே விதிதான். முன்பக்கம் மட்டும் 100 மி.மீ. தாழ்ந்தால், முன் பின் சக்கரங்களுக்கிடையே 116 அங்குல இடைவெளி கொண்ட உங்கள் சேஸிஸ் முழுவதும் ஏறத்தாழ இரண்டு பாகை முன்னோக்கிக் கவிழ்கிறது, காஸ்டரும் அதே இரண்டு பாகை குறைந்துவிடும். இருந்ததே இரண்டு மூன்று பாகை என்றால் மீதம் எதுவும் இல்லை. வண்டி சாலையில் அலையும், திருப்பிய ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்து இதைச் சரிசெய்ய வேண்டும். அச்சு பட்டைக்குக் கீழே இருக்கும் உங்கள் வண்டியில் ஆப்பின் தடித்த முனை பின்பக்கம் வர வேண்டும். கையால் திருப்பும் ஸ்டீரிங்குக்கு நான்கு முதல் ஐந்து பாகையும், பவர் ஸ்டீரிங்குக்கு ஐந்து முதல் ஆறு பாகையும் வைக்கலாம். ஆப்பு எஃகாகவோ கடைசல் பிடித்த இரும்பாகவோ இருக்கட்டும். அலுமினிய ஆப்பு நசுங்கிப்போய் யூ போல்ட்டைத் தளர்த்திவிடும். சென்டர் போல்ட்டின் தலை ஆப்பைத் தாண்டி அச்சின் குழியில் உட்காருகிறதா என்பதைக் கையால் தடவிப் பாருங்கள், அச்சு நகராமல் இடத்தில் நிற்பது அந்தத் தலையால்தான்.

இப்போது, ஸ்டீரிங் கனமாக இருக்கிறது என்ற உங்கள் குறை. பவர் ஸ்டீரிங்குக்குப் பணம் செலவழிக்குமுன் கிங் பின்னைக் கழற்றிப் பாருங்கள். வண்டியின் முன்பாரம் முழுவதையும் தாங்கிக்கொண்டு சுழல்வது அச்சின் கண்ணுக்கும் ஸ்டப் ஆக்சிலின் கீழ்க்கைக்கும் நடுவே உள்ள சிறிய தாங்கு பேரிங்தான். கிரீஸ் போகாமல் அது இறுகிவிட்டால், எந்தப் பெட்டியைப் போட்டாலும் ஸ்டீரிங் கனமாகத்தான் இருக்கும். பவர் ஸ்டீரிங் அந்தக் குறையை மறைக்குமே தவிரத் தீர்க்காது. கிங் பின் சுழலும் உட்குழலான புஷ்ஷைப் புதிதாக அடிக்கும்போது அதன் கிரீஸ் துளை ஸ்டப் ஆக்சிலின் கிரீஸ் நிப்பிள் துளைக்கு நேராக இருக்க வேண்டும். மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் தனித்தனியே ரீமர் (துளையைச் சரியான அளவுக்கு அறுக்கும் கருவி) போடுவது இங்கே பல இடங்களில் வழக்கம். அப்படிச் செய்தால் இரண்டு துளைகளும் ஒரே கோட்டில் அமையாமல், பின் ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தளர்ந்தும் நிற்கும். ஒரு புஷ்ஷில் வழிகாட்டித் தண்டு நுழைந்திருக்க மறு புஷ்ஷை அறுக்கும் நீண்ட ரீமரைக் கேட்டு வாங்கிச் செய்யச் சொல்லுங்கள். முடிந்த பிறகு, எண்ணெய் தடவிய கிங் பின் கட்டைவிரல் அழுத்தத்தில் மெல்ல இறங்க வேண்டும். தானாக விழுந்தாலும் தவறு, சுத்தியல் கேட்டாலும் தவறு. கிரீஸ் அடித்தால் புஷ்ஷின் இரு முனைகளிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். இந்த வேலையோடு காஸ்டரையும் சரிசெய்து, டயர்க் காற்றையும் பார்த்துவிட்டு ஓட்டினால், பவர் ஸ்டீரிங் தேவையில்லை என்றே பல உரிமையாளர்கள் முடிவுக்கு வருகிறார்கள்.

அதற்குப் பிறகும் பெட்டியை மாற்றுவதென்றால், அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி டிராக் லிங்கையே குறுக்காகப் போட்டுவிடுங்கள். அதாவது வலப்பக்கச் சேஸிஸில் உள்ள பெட்டியிலிருந்து இடப்பக்கச் சக்கரத்தின் கைக்கு ஒரு நீண்ட லிங்க் போகும். 900 மி.மீ. நீளமான குறுக்கு லிங்க் கிடைமட்டமாக இருந்தால், 50 மி.மீ. ஏற்றத்துக்கு அதில் ஏற்படும் பிழை 1.4 மி.மீ. மட்டுமே. அந்த லிங்க் டை ராடுக்கு இணையாக இருக்கட்டும். ஷாக்கிள் பக்கவாட்டில் ஆடுவதால் வண்டி அலைந்தால், சேஸிஸிலிருந்து அச்சுக்குப் போகும் பக்கத் தண்டு ஒன்றும் வேண்டும். அதன் சேஸிஸ் முனை பெட்டி இருக்கும் வலப்பக்கமும், அச்சு முனை இடப்பக்கமும் அமைந்து, நீளத்திலும் சாய்விலும் டிராக் லிங்கை ஒத்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கமாகக் கட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

சுமோவின் பெட்டி இதற்குத் தகுந்ததே. சுமோவின் முன் சக்கரங்கள் தனித்தனியே தொங்குவதால் அதன் மற்ற லிங்குகள் உங்களுக்குப் பயன்படாது, ஆனால் பெட்டி வலப்பக்க ஓட்டுநருக்காகவே செய்யப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வரும் மாற்றுத் தொகுப்புகள் இடப்பக்க ஓட்டுநருக்கானவை, அவற்றைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பிப் போட முடியாது. பெட்டியைச் சேஸிஸில் பிடிக்குமுன் மேசைமேல் வைத்து ஒன்றைச் சோதியுங்கள். ஸ்டீரிங் தண்டை இடப்பக்கம் சுற்றினால் டிராப் ஆர்மின் நுனி எந்தப் பக்கம் போகிறது? இடச்சக்கரத்தின் கை அச்சுக்கு முன்னால் நீட்டியிருந்தால், வண்டி இடப்பக்கம் திரும்ப அந்தக் கை இடப்பக்கம் தள்ளப்பட வேண்டும். பின்னால் நீட்டியிருந்தால் வலப்பக்கம் இழுக்கப்பட வேண்டும். இது மாறிவிட்டால் ஸ்டீரிங்கை இடப்பக்கம் திருப்ப வண்டி வலப்பக்கம் போகும். பெட்டியின் நட்டநடு நிலையும் வண்டி நேராக ஓடும் நிலையும் ஒன்றாகவே அமைய வேண்டும், ஏனென்றால் பெட்டியின் பற்கள் அந்த நடுவிடத்தில்தான் மிகக் குறைந்த பிளேயுடன் செய்யப்பட்டிருக்கும்.

பற்சட்டத்தைப் பற்சக்கரம் இடவலமாக நகர்த்தும் ரேக் அண்ட் பினியன் ஸ்டீரிங் போடலாமே என்று யாராவது சொல்லக்கூடும். முழு அச்சு கொண்ட வண்டிக்கு அது ஆகாது. ரேக்கைச் சேஸிஸில் பிடித்தால் அச்சு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்த்தால் அவற்றின் முன்புறம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். அச்சின்மேல் பிடித்தால் ஸ்டீரிங் தண்டு நீண்டு சுருங்கியாக வேண்டும், எடையும் அதிர்ச்சியும் நேராக ரேக்குக்குப் போகும்.

டை ராடைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சம்பில் இடிக்கிறது என்பதற்காக, அச்சுக்குப் பின்னால் இருக்கும் டை ராடை முன்னால் கொண்டுவருபவர்கள் உண்டு. வளைவில் உட்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும். அதற்காகவே ஸ்டப் ஆக்சிலின் கைகள் உட்பக்கம் சாய்ந்து, அவற்றை நீட்டிக் கோடிழுத்தால் பின் அச்சின் நடுப்பகுதியில் சந்திக்கும்படி செய்யப்பட்டிருக்கின்றன. அதே கைகளை அப்படியே முன்னால் திருப்பினால் கணக்கு தலைகீழாகி, வளைவுகளில் முன் டயர்கள் இரண்டும் சாலையில் தேய்ந்துகொண்டே போகும். ஏலகிரி மலைச்சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் இந்தத் தவறு டயர் கதறும் ஒலியாகவே வெளிப்படும். முன்னால்தான் வைக்க வேண்டும் என்றால், கைகளின் நுனி சக்கரத்தின் பக்கமாக வெளியே விலக வேண்டும். பிரேக் டிரம் அதற்கு இடம் விடாது. ஆகவே டை ராடைப் பின்னாலேயே விட்டு, கீழ்நோக்கி வளைந்த கைகளைப் போடுவதே சரி.

டிராப் ஆர்ம், ஸ்டப் ஆக்சில் கை, டை ராட் எண்ட் ஆகியவற்றில் வெல்டிங் கூடாது. நீளம் போதவில்லையென்றால் இஎன் 24 என்ற உறுதியான கலப்பு எஃகில் புதிதாகக் கடைந்து வெப்பப் பதம் செய்துகொள்ளுங்கள். பால் ஜாயின்ட்டின் கூம்பும் கையின் துளையும் ஒரே சரிவில் இருக்க வேண்டும். வண்டிக்கு வண்டி இந்தச் சரிவு மாறும். கூம்பில் நீலச்சாயம் தடவித் துளையில் வைத்து எடுத்தால், சாயம் முழு நீளத்திலும் பதிந்திருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் வளையமாகப் பதிந்தால் அந்த இணைப்பு ஆடி ஆடி ஒருநாள் அறுந்துபோகும். ஒவ்வொரு நட்டுக்கும் அது கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இருக்கட்டும். ஸ்டீரிங் தண்டில் யுனிவர்சல் ஜாயின்ட் ஒவ்வொன்றும் 30 பாகைக்கு மேல் மடங்க வேண்டாம். மூன்று ஜாயின்ட் தேவைப்பட்டால் நடுவே தாங்கு பேரிங் ஒன்றைச் சேஸிஸில் பொருத்துங்கள்.

அகலமான ரிம்களைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். ரிம் வெளியே தள்ளி நிற்க நிற்க, கிங் பின்னின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் கூடும், ஸ்டீரிங் கனக்கும், ஒவ்வொரு குழியும் கையை உதறும். முன்பக்கம் ஒல்லியான 16 அங்குல டயரே இந்த வண்டிக்கு அழகாகவும் பொருத்தமாகவும் இருக்கும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதிக்குப் புறம்பான மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2021இல் வந்த பழமைவாய்ந்த வாகன விதிகளும் 50 ஆண்டைக் கடந்த வண்டியை அந்த வகையில் பதிவு செய்ய வேண்டுமானால் அது மூல வடிவிலேயே, சேஸிஸில் பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும் என்கின்றன. ஆகவே சேஸிஸில் எதையும் வெட்டாமல், எல்லாவற்றையும் போல்ட்டால் மட்டுமே பிடித்து, கழற்றிய மூலப் பாகங்களை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள். வேலை தொடங்குமுன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பின் பெரிய வழக்காகிவிடும்.

எல்லாம் மாட்டிய பிறகு, சாலைக்குப் போகுமுன் பட்டறையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்டீரிங் சக்கரத்தை நேராக வைத்துக் கயிற்றால் கட்டிவிட்டு, முன் டிரம்மில் ஒரு நேர்க்கோலைக் கட்டி, அதன் நுனி தரையில் எங்கே நிற்கிறது என்று சுண்ணாம்பால் குறியிடுங்கள். பிறகு பானட்டைக் கழற்றி, முன்பக்கம் அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றிச் சேஸிஸ் இறங்க இறங்கக் குறியிடுங்கள். மூட்டைகளை இறக்கியபின் ஜாக்கி வைத்துச் சேஸிஸைத் தூக்கி, அந்த நிலையிலும் குறியிடுங்கள். குறிகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் வேலை சரி. கோடாக நீண்டு போனால் டிராப் ஆர்மின் உயரத்தை மாற்ற வேண்டும். அதன்பின் டோ-இன்னை 1.5 முதல் 3 மி.மீ.க்குள் வைத்து, முதலில் சர்வீஸ் சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஸ்டீரிங் வேகமாக உதறினால் அதிர்வை அடக்கும் டேம்பரை வாங்கி மாட்டி மறைக்காமல், கிங் பின், காஸ்டர், டயர் பேலன்ஸ், பட்டையின் புஷ் என்று வரிசையாகத் தேடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, டோவை மறுபடியும் அளக்க வேண்டும்.

டிராக் லிங்கின் இப்போதைய நீளம், அதன் இரு முனைகளின் தரையிலிருந்தான உயரம், ஸ்டப் ஆக்சில் கையின் நீளம், ஷாக்கிள் எந்தப் பக்கம் என்ற விவரம், இவற்றை அளந்து எழுதுங்கள். வண்டி சமதரையில், பெட்ரோல் நிரம்பி, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள் உட்கார்ந்த நிலையில் அளக்கவும். அந்த அளவுகள் கிடைத்தால் டிராப் ஆர்மின் நீளத்தையும் பெட்டி அமர வேண்டிய இடத்தையும் கணக்கிட்டுச் சொல்கிறேன். அதுவரை பட்டையைப் பிரிக்க வேண்டாம், கிங் பின் வேலையை மட்டும் தொடங்கலாம்.